வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டு முறை

என் அன்பு வெள்ளிக்கிழமைக்காரி கோகிலாவுக்கு,

அடுப்பில் சோறு வேகிறது, குளியலறையிலிருந்து என் மகன் ஆல்வின் துண்டு கேட்டுக் கத்துகிறான், நான் இங்கே பேனாவோடு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வரை பொறுக்க என்னால் ஆகாது. பயப்படாதே, நல்ல செய்திதான்! அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் திட்டாதே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் உனக்கு அது ஆகாதே. நான் பார்த்துவிட்டு வந்த படத்தின் கதையைச் சொல்ல வாயெடுத்தாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். அதனால் வரிசையாகவே வருகிறேன். பின்னாளில் இதை எடுத்துப் படிக்கிறவர்களுக்காக நம் காம்பவுண்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததா என்று முகத்தைத் திருப்பாதே.

பாலக்காட்டிலிருந்து கஞ்சிக்கோடு போகிற வழியில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் நம் தெரு. ஒரே கேட்டுக்குள் மூன்று வீடுகள். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து வந்த நான், எருத்தேன்பதித் தென்னந்தோப்பிலிருந்து வந்த நீ, இங்கேயே பிறந்து வளர்ந்த சுமதி சேச்சி. வாசல் மூவருக்கும் பொது. பொது என்றால் யாரும் கூட்ட மாட்டார்கள் என்பதைக் குடிவந்த வாரமே கண்டுபிடித்து, முறைவாசல் ஏற்பாடு செய்தவள் நீதான். திங்களும் செவ்வாயும் எனக்கு. புதனும் வியாழனும் சேச்சிக்கு. வெள்ளியும் சனியும் உனக்கு. ஞாயிறு பிள்ளைகள் சைக்கிள் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டோம். முறைக்காரி காலையில் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட வேண்டும்.

என் முதல் திங்கட்கிழமை ஞாபகம் இருக்கிறதா? எங்கள் லயத்து வாசலில் மழையும் பனியும் மாறி மாறி நிற்கும், கோலம் போட்டு யாருக்குப் பழக்கம்? எனக்குத் தெரிந்ததெல்லாம் கிறிஸ்துமஸுக்குப் போடுகிற வால் நட்சத்திரம்தான். அதைப் பெரிதாக, கேட் வரைக்கும் வால் நீட்டிப் போட்டு வைத்தேன். நீ வெளியே வந்து பார்த்தாய்.

"ஏனுங்கக்கா, இன்னும் ரெண்டு மாசம் கெடக்குதுங்களே. அதுக்குள்ள ஏசப்பா பொறந்துட்டாருங்களா?"

சேச்சி சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடியது. சேச்சிக்கும் பெரிதாக ஒன்றும் வராது, ஓணத்துக்குப் பூ வைப்பதோடு சரி. மற்ற நாட்களில் நாலு கோடு இழுத்துவிட்டு "முறை கழிஞ்ஞு" என்று உள்ளே போய்விடுவார். கோலம் என்றால் உன் வெள்ளிக்கிழமைதான். அண்ணன் வீட்டுக்குப் போனாலும் வியாழன் சாயங்காலம் பஸ் ஏறி வந்துவிடுவாய். இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டு வந்தால் என்ன என்று நான் கேட்பேன். "நாளைக்கு என்ற முறைங்கக்கா" என்பாய், அதற்கு மேல் பேச்சே கிடையாது என்பது போல.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டு போயிற்று. ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "ரெண்டு நாள்ல வந்தர்றனுங்கக்கா, வெள்ளிக்கெழமைய மட்டும் பாத்துக்கோங்க" என்றாய். நீ வரவில்லை. நான் பார்த்துக்கொண்டேன். இன்று வரை அந்த ஆட்டோ போன பக்கம் திரும்பினால் எனக்கு அழுகை வரும், என்ன செய்ய?

துக்க வீட்டில் கோலம் போடக் கூடாது, அது சரி. ஆனால் காரியமெல்லாம் முடிந்து நாளானபின்னும் நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். பெண் இல்லாத வீடு, உன் வீட்டுக்காரர் சிவகுமார் பாவம் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறார், உன் மகள் யாழினியோ மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, அவர்களுக்கு எதற்கு முறை என்று வெள்ளியை நான் வைத்துக்கொண்டேன், சனியைச் சேச்சி எடுத்துக்கொண்டார். பெரிய உதவி செய்துவிட்டதாக எங்களுக்கு நினைப்பு.

யாழினியையும் அப்படித்தான் பங்கு போட்டுக்கொண்டோம். சாப்பாடும் தலைப் பின்னலும் என் வேலை. என் பின்னலில் ஒரு ஜடை காதுக்கு மேலே, ஒரு ஜடை தோளுக்குக் கீழே நிற்கும், ஆல்வின் அவளை "ஆன்டெனா" என்று கூப்பிட்டு என்னிடம் அடி வாங்குவான். மலையாளப் பாடம் சேச்சிக்கு. கணக்கு அவள் அப்பாவுக்கு. பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்றால் ஆல்வினுக்கும் அவளுக்கும் சேர்த்து நானே போய் உட்காருவேன். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே திட்டு, "பேச்சு அதிகம்." யாழினியைப் பற்றி அப்படிச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நீ போன புதிதில் அவள் வாயே திறக்கவில்லையே!

இப்போது நேற்றைக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. சாயங்காலம் உன் அண்ணன் தண்டபாணி காரில் வந்து இறங்கினார். ஒரு குலை இளநீர், பாப்பாவுக்குப் புது கவுன், ஒரு காலிப் பெட்டி. காலிப் பெட்டியைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உன் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மாப்ள, நீங்க ராத்திரி வேலைக்குப் போனா புள்ளைய ஆரு பாக்கறது? பக்கத்து ஊட்டுக்காரங்க எத்தன நாளைக்குங்க பாப்பாங்க? எங்கூட்ல அவ அத்தை இருக்கறா. தமிழ்ப் பள்ளிக்கொடம் நடந்து போற தூரந்தான். நாளைக்குக் காத்தால கூட்டீட்டுப் போயர்றேன். டி.சி.ய பொறவு வாங்கிக்கலாம்."

சிவகுமார் தலை குனிந்து டம்ளரைப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. உன் அண்ணன் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை, கோகிலா. பாசத்தில்தான் பேசினார், அதுதான் எனக்கு ஆத்திரம். அவர் தாய்மாமன். நான் யார்? பக்கத்து ஊட்டுக்காரி. அந்த வார்த்தை மீன் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

உள்ளே யாழினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தேன்.

"பெரீம்மா, நா போனா இங்க யாருக்கும் ஒண்ணும் மாறாதில்ல?"

"ஏட்டி, எதுக்கு இப்படியெல்லாம் பேசுத?"

"எங்க ஊட்டுக்குத்தான் முறையே இல்லையே. நீங்க திங்கள், செவ்வாய், வெள்ளி. சேச்சி புதன், வியாழன், சனி. இங்க இருக்கறவங்களுக்குத்தான முறை இருக்கும்?"

மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். சும்மாவா பேச்சு அதிகம் என்கிறார்கள்! சோறு போட்டோம், தலை வாரினோம், பாடம் சொன்னோம். எல்லாம் செய்துவிட்டு, இந்தக் காம்பவுண்டில் உன் வீடே இல்லை என்று வாரத்துக்கு இரண்டு முறை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம், சேச்சியும் நானும். அதுவும் விளக்குமாற்றால்.

நேரே என் வீட்டுக்கு ஓடினேன். உன் கோலமாவு டப்பா என் அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்ப வந்து, உன் அண்ணன் பார்க்க, அதைச் சிவகுமார் முன்னால் வைத்தேன்.

"நாளைக்கு வெள்ளி. உங்க வீட்டு முறை. மறந்துராதீங்க."

"அக்கா, நானுங்களா?" என்றார் உன் வீட்டுக்காரர். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"நாளைக்குக் காத்தால பொறப்படறோமுங்களே" என்றார் உன் அண்ணன்.

"முறைய முடிச்சுட்டுக் கெளம்புங்கண்ணே. முறைய விட்டுட்டுப் போனா உங்க தங்கச்சிக்குப் பிடிக்காது."

சொல்லிவிட்டு வெளியே வந்து, சேச்சி வீட்டுக்குப் போனேன். சேச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "சனியும் கொடுத்துடணும், கேட்டோ" என்றார்.

காலையில் சர்ர் சர்ர் என்று சத்தம். ஜன்னலைத் திறந்தால், உன் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டுகிறார்! கூட்டுகிறாரா, விரட்டுகிறாரா என்று தெரியவில்லை. என் வாசலில் இருந்த மாவிலையெல்லாம் சேச்சி வாசலுக்குப் போயிற்று, சேச்சி வாசலில் இருந்தது கேட்டுக்கு வந்தது. பின்னாலேயே யாழினி வாளியும் சொம்புமாக. தெளித்த தண்ணீரில் பாதி அப்பாவின் முதுகில்.

பிறகு உட்கார்ந்து புள்ளி வைத்தாள். நடுவில் தொடங்கிய புள்ளி போகப் போகச் சரிந்து, ஸ்கூட்டருக்கு அடியில் போய் நின்றது. சிவகுமார் ஸ்கூட்டரைத் தள்ளி வைத்தார். கோடு இழுத்தபோது மறுபடியும் ஸ்கூட்டர் வரைக்கும் போயிற்று, மறுபடியும் தள்ளினார். ஓடிப்போய் மாவை வாங்கிச் சரி செய்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. சேச்சி என் முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பேப்பர் போடுகிறவர் கேட்டில் நின்று, சைக்கிளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கோலத்தைத் தாண்டி வந்தார். தாமரை என்று நினைக்கிறேன். முட்டைக்கோஸாகவும் இருக்கலாம். "கொள்ளாம் மோளே, நன்னாயிட்டுண்டு!" என்று சேச்சி கைதட்டினார்.

உன் அண்ணன் பல்துலக்கியை வாயில் வைத்தபடி வந்து நின்றார். பெட்டி தயாராக வாசற்படியில் இருந்தது. யாழினி மாவுக் கையோடு நிமிர்ந்தாள்.

"மாமா, நாளைக்குச் சனி, அதுவும் எங்க முறைதான். சேச்சி குடுத்துட்டாங்க. அடுத்த வெள்ளியும் எங்க முறை. நா எப்படி வர்றது?"

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் படியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அவங்கம்மாளும் இதே பேச்சுங்க. இருந்துட்டுப் போ சாமின்னா, நாளைக்கு என்ற முறைங்கண்ணான்னு பைய எடுத்துக்கிட்டு நிப்பா. ஒரு வெள்ளிக்கெழம எங்கூட்ல இருந்ததில்லைங்க அவ." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எல்லோரும் அழுதோம், கோகிலா. சிரித்துக்கொண்டே அழுதோம்.

அப்போதுதான் உன் வீட்டுக்காரருக்கு வாய் வந்தது. "மச்சான், பாப்பா இங்கயே இருக்கட்டுங்க. பகல் ஷிப்ட் கேட்டிருக்கறேன். அது கெடைக்கற வரைக்கும்..." என்று என்னைப் பார்த்தார்.

உன் அண்ணனும் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, எப்பவும் பாத்துக்குவீங்களா?"

"நா அவளுக்குப் பெரியம்மாண்ணே. பக்கத்து வீட்டுக்காரின்னு நேத்து சொன்னீங்கள்ல, அத மட்டும் மாத்திக்கோங்க."

"மாத்திக்கறனுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, தோசை ஊற்ற ஓடிவிட்டேன்.

அவள் போகவில்லை! இதைச் சொல்லத்தான் இத்தனை அவசரம். பெட்டியைத் திறந்து துணியெல்லாம் பழைய அலமாரியில் வைத்துவிட்டாள். இந்த லீவில் ஞாயிறு போய் வியாழன் சாயங்காலம் திரும்பி வருவாளாம், மாமாவே கொண்டுவந்து விடுவாராம். பேசி முடித்துவிட்டார்கள், அவளும் அவள் மாமாவும். புது கவுனைப் போட்டுக்கொண்டு இப்போது கோலத்துக்குக் காவல் நிற்கிறாள். கறிவேப்பிலை பறிக்கக்கூட நான் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போய் வந்தேன்.

சோறு குழைந்துவிட்டது, பரவாயில்லை. நீ பார்த்துக்கொள்ளச் சொன்ன வெள்ளிக்கிழமையை உன் வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி அதைத் தொட மாட்டேன், இது சத்தியம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் அப்பா போடட்டும், கோணலாகப் போடட்டும். மழை வந்தால் நான் குடை பிடிக்கிறேன். மாவு மட்டும் உன் மகள் கையில்தான்.

இப்படிக்கு,
யாழினியின் பெரியம்மா,
திங்கட்கிழமைக்காரி ஜெசிந்தா