மிக்சியைக் கடைக்குக் கொடுக்கவில்லை

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள். அதனால்தான் குவைத் வரும் சஃப்வானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் ரிப்பேர் பார்த்த சாமான்களைப் படம் போடும் உங்கள் வெப்சைட்டைத் தினமும் பார்க்கிறேன். முன்பு வெள்ளிக்கிழமை லீவில் மட்டும் படம் ஏறும். இந்த மாதம் தினமும் ஏறுகிறது. இஸ்திரிப் பெட்டி, குக்கர், டேபிள் ஃபேன், எல்லாம் நீங்கள் கம்பெனியில் இருக்க வேண்டிய பகல் பதினோரு மணிக்கு. படத்தின் கீழேயே நேரம் விழுகிறதே, அதைக் கவனிக்க மாட்டீர்களா?

நேற்று மாமி, "அவனுக்கு வேலை எப்படிப் போவுதாம்?" என்றார்கள்.

"நல்லாப் போவுதாம் மாமி" என்றேன். நீங்கள் என்னிடம் சொன்னதைத்தான் சொன்னேன்.

நம் மிக்சி நின்றுவிட்டது. பெரம்பலூர்க் கடைக்குக் கொடுக்கவில்லை; அம்மியில் அரைக்கிறேன். கிளம்பி வாங்க. கேட்பவர்களிடம் லீவு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி