மச்சானின் பவளத் தொட்டி

ஜூன் 9, திங்கள்
தோஹாவிலிருந்து மச்சான் அனுப்பிய பெட்டி வந்தது. ஹாலில் உப்புத் தண்ணீரில் உயிர்ப் பவளமும் மீனும் வளரும் அவருடைய தொட்டிக்கான கருவிகள். வீடியோவில் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வயராக மாட்டினேன். தண்ணீர் வற்றினால் பம்ப் தானே நல்ல தண்ணீர் விடும், மருந்தும் தானே சொட்டும், சூடு எவ்வளவு என்று அவர் போனுக்கே போய்விடும். மீனுக்குத் தீனி போடவும் ஒரு மிஷின்.

"இனிமே உனக்கு ஒரு வேலையும் இல்ல, ரிஃபானா."

வயிற்றில் எங்கள் பிள்ளை முதன்முதலாக அசைந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "இரு, பச்சை லைட் எரியுதா பாரு" என்றார்.

ஜூன் 23
தொட்டி சூடாகுதாம். ஹாலில் ஏசி போடச் சொன்னார். அறையில் எனக்கு ஃபேன்தான்.

ஜூலை 12, சனி
காலையிலிருந்து ரத்தம். அடுத்த தெருவிலிருந்து மாமிதான், மச்சானின் உம்மா, ஓடிவந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். அப்போது போன். யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"தொட்டி ஆஃப்லைன்னு காட்டுது. கரண்ட் போச்சா?"

"மச்சான், நான் ஆஸ்பத்திரில இருக்கேன்."

"யா அல்லாஹ்... டாக்டர் என்ன சொன்னாங்க? பயப்படாத." பிறகு, தயங்கி: "வீட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?"

ஜூலை 14
போயிடுச்சு. எழுத முடியல.

ஜூலை 20
வாங்களேன் என்றேன். "லீவு தரமாட்டானுங்க, புரிஞ்சுக்க." புரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
ஹாலெல்லாம் தண்ணீர். நீர்மட்டம் பார்க்கும் மிதவையில் நத்தை சிக்கிக்கொண்டதாம். வற்றிவிட்டது என்று நினைத்து பம்ப் நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. உப்பு குறைந்து பவளமெல்லாம் வெளுத்துவிட்டது.

போனில் மச்சான் அழுதார். அழுவாரா இவர்? ஜூலையில் அழலியே!

"ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

"எனக்கு ஒரு வேலையும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க."

ஆகஸ்ட் 21
வந்து இறங்கிவிட்டார். அவசர லீவாம். கேட்டால் தருகிறார்கள் போல.

ஆகஸ்ட் 31
இன்று கிளம்பினார். சென்னையிலிருந்து புதுப் பவளம், இரண்டு மிதவை, பம்புக்கு நல்ல தண்ணீர் நிரப்பிவைக்கக் கொல்லையில் பெரிய ட்ரம், ஒரு மாதம் தாங்குமாம், எல்லாம் வைத்துவிட்டுப் போனார். ஒருநாள் மட்டும் அறை வாசலில் வந்து நின்றார். "உடம்பு பரவாயில்லயா?" ம் என்றேன். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேனோ — போன் கூப்பிட்டது, போய்விட்டார்.

செப்டம்பர் 2
மாமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு டி.ஆர். பட்டினத்துக்கு, உம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"அவன்ட்ட சொல்லிட்டியா?"

"கேட்டா சொல்றேன் மாமி."

அவர் தடுக்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 4, சனி
தினமும் கூப்பிடுகிறார். சாப்பிட்டியா, தொழுதியா. எங்கே இருக்கிறாய் என்று கேட்டதில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதே, ஏன் கேட்கப்போகிறார்?

இன்று கோபமாகக் கூப்பிட்டார். "ட்ரம்ல தண்ணி இல்லன்னு போன்ல வந்துக்கிட்டே இருக்கு. என்னதான் பண்ற?"

"நான் உம்மா வீட்ல இருக்கேன்."

"எப்ப போன?"

"நீங்க போன அந்த வாரமே."

"ஏன் சொல்லல?" என்றார், குரல் இறங்கி.

திங்கட்கிழமை நெரவியில் பாலர் பள்ளிக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். புடவைக்கு இஸ்திரி போடணும் என்று சொல்லி போனை வைத்தேன்.