வாப்பாவின் வேட்டைக் கத்தி

காக்கா,

மூன்று நாளாக என் விரல்களில் துரு வாடை. சவுக்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு மல் துணியை விரித்துக் காட்டும்போது துணியிலும் ஒட்டிவிடுமோ என்று கையை இழுத்துக்கொள்கிறேன். கடையின் பின்கட்டு முழுக்க மண்ணெண்ணெயும் புளியும் செங்கல் பொடியுமாக நாறுகிறது. மதினி அனுப்பிய வேலை இது. வாப்பாவின் வேட்டைக் கத்தியை ஒரு பழந்துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். உங்கள் மகளுக்குக் கல்யாணம் வருகிறது, கல்யாண ஆட்டை அந்தக் கத்தியால்தான் அறுக்க வேண்டுமாம், சரிசெய்து தரச் சொன்னார்கள்.

மற்றவர்கள் அண்ணன் என்பார்கள். கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்த நம் வீட்டில் அண்ணன் என்றால் காக்கா. அப்படி உங்களைக் கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது கூப்பிடாதவன், ஜொகூர் மண்ணுக்குள் போனபிறகு காகிதத்தில் கூப்பிடுகிறேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

கத்தியை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கெட்ட சிரிப்பு. செத்த மானை அறுத்த கத்தியால் மகள் கல்யாணத்துக்கு ஆடு அறுக்கப் போகிறார்களா என்று நினைத்தேன்.

அந்த மானை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். என் நிக்காஹுக்கு முந்தின நாள். ரயில் ஓட ஆரம்பித்த புதிது. புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி, சீனர்களின் மிளகுத் தோட்டங்களைத் தாண்டி சுவா சூ காங் பக்கம் காட்டுக்குள் நடந்தோம். துப்பாக்கி உங்கள் தோளில், கத்தி உங்கள் இடுப்பில். தேக்கா சந்தையில் கறிக்கடை வைத்திருந்த உங்களுக்கு ஆட்டுக்கறிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் என் மாமனாரிடம் வாய் கொடுத்துவிட்டீர்கள். “தம்பி கல்யாணத்துக்கு மான்கறி பிரியாணி, என் பொறுப்பு” என்று.

காலையெல்லாம் அலைந்து, பத்து மணி வாக்கில்தான் ஒரு மான் கண்ணில் பட்டது. சுட்டீர்கள். அது நாலு பாய்ச்சல் பாய்ந்து ஓடை கடந்து அந்தக் கரையில் விழுந்தது. நீங்கள் ஓடினீர்கள். குண்டடி பட்ட மிருகம் உயிரை விடுவதற்குள் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழுத்தை அறுத்தாக வேண்டும். அறுப்பதற்கு முன் செத்தால் அது நமக்குக் கறி இல்லை, வெறும் பிணம். அதனால்தான் நம் கூட்டத்தில் சுடுகிறவனைவிட ஓடுகிறவனுக்கு மதிப்பு. ஓட்டத்தில் உங்களை அடிக்க ஆள் கிடையாது.

நான் லாலாங் புல்லுக்குள் மாட்டிக்கொண்டு பின்தங்கிவிட்டேன். ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தபோது நீங்கள் மானுக்குப் பக்கத்தில் முதுகு காட்டிக் குந்தியிருந்தீர்கள். மான் காலை உதறிக்கொண்டிருந்தது. நீங்கள் அறுக்கவில்லை. உங்கள் தோள்கள் மட்டும் ஆடின. பிறகு மானின் கால் நின்றது. அதற்கும் பிறகுதான் உங்கள் கை அதன் கழுத்துக்குப் போனது.

நான் வந்து சேர்ந்தபோது மானின் கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது, இமை அசையவில்லை. ரத்தம் பீறிடாமல் கறுப்பாக வழிந்தது.

“உசுரு இருந்துச்சுடா,” என்றீர்கள், நான் கேட்காமலே. “கால ஒதறுச்சுல்ல, பாத்தேல்ல?”

நான் தலையாட்டினேன். மறுநாள் தெருவே வந்து சாப்பிட்டது. பள்ளிவாசல் லெப்பை சாப்பிட்டார், என் மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் மட்டும் மாப்பிள்ளை வெட்கம் என்று சொல்லி வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீங்கள் ஒரு வாய்கூடத் தொடவில்லை என்பதையும் பார்த்தேன். பார்த்து, உங்களை மனசுக்குள் குற்றவாளியாக நிறுத்திக்கொண்டேன். வாயைத் திறக்காமல் அத்தனை பேரையும் தின்னவிட்ட என்னை அந்த இடத்தில் நிறுத்தத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கத்தியை என்னிடம் தரவே இல்லை. வேட்டைக்குப் போய்வந்தால் அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, தோலுறையைத் தனியே காயவைப்பது வாப்பா காலத்திலிருந்து என் வேலை. அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு, கத்தியை ஒளிக்கிறது என்று. எவ்வளவு புத்திசாலி நான்!

நாலு வருஷம் கழித்து, என் வீட்டில் மூத்த பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று, விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகும் நான் பாய்கூட விரிக்காமல் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றேன். என் மாமனார் முன்னால் வைத்து நீங்கள் ஏசினீர்கள். “சின்ன வயசுலேருந்து இப்படித்தான். ஒரு வேலையச் சொன்னா பாதியில விட்டுட்டுப் போயிடுவான். பொறுப்பத்த பய!”

“பொறுப்பப் பத்தி நீங்க பேசாதீங்க காக்கா. என் கல்யாணத்துல ஊருக்கே செத்த மான அறுத்துப் போட்டவரு நீங்க,” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வாய் திறந்தது. ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று நானும் மல்லுக்கட்டத் தயாராக நின்றேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டு, தோள்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனீர்கள். லெப்பை பின்னாலேயே வந்து கேட்டபோது, “ஆமா, தப்புதான். அல்லாஹ் மன்னிக்கணும்,” என்று மட்டும் சொன்னீர்களாம்.

அறுப்பில் பொய் சொன்னவன் கடையில் யார் கறி வாங்குவார்கள்? உங்கள் கடையில் கறி மதியம் வரை தொங்கியது. வாடிக்கைக்காரர்கள் உங்கள் கண்ணைப் பார்க்காமல் அடுத்த கடைக்கு நடந்தார்கள். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டு நின்றீர்கள். பரிதாபமாகக்கூட இருந்தது. ஆனாலும் நியாயம் என் பக்கம் என்றே இருந்தேன். இரண்டு மாதத்தில் கடையை மூடிவிட்டு மதினியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஜொகூர் போனீர்கள். அங்கே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை என்றார்கள். போன வருஷம் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டதாகச் செய்தி வந்தது. நான் ஜனாஸா தொழுகைக்கும் வரவில்லை.

இப்போது கத்திக்கு வருகிறேன்.

சாதாரணத் துரு இல்லை இது. சுரண்டினால் பொடியாக உதிரவில்லை, பட்டையாக எழும்பியது. முதல் பட்டை எழும்பியதும் அதன் அடியில் தோல் இருந்தது. உறையின் தோல். கத்தியின் இரண்டு பக்கமும், பிடியிலிருந்து நுனி வரை, தோல் நார் துருவோடு துருவாக ஒட்டியிருந்தது. மதினி அனுப்பிய மூட்டைக்குள் உறையும் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத் தையல் முழுக்கப் பிய்ந்திருந்தது. வெட்டிய மாதிரி இல்லை. நூல் தாறுமாறாக அறுந்து, தோலின் ஓரத்தில் பற்குறிகள் இருந்தன.

கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டேன், காக்கா.

என் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பும் வேட்டைக்குப் போயிருந்தோம். அன்று கொட்டு கொட்டென்று கொட்டிய மழை. தொப்பலாக வீடு திரும்பியதும் கத்தியை என்னிடம் கொடுத்தீர்கள். எனக்குக் கல்யாணத் துணி எடுக்கப் போகும் அவசரம். ஈரக் கத்தியை ஈர உறையில் அப்படியே செருகி ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். வந்து துடைக்கலாம் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. துடைக்கவில்லை.

மான் உயிரோடுதான் கிடந்திருக்கிறது. நீங்கள் அதனிடம் நேரத்துக்கே ஓடிப் போய்விட்டீர்கள். கத்திதான் உறையை விட்டு வரவில்லை. நான் ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த அந்தத் தோள் ஆட்டம் எதற்கென்று இப்போது தெரிகிறது. பல்லால் கடித்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

செத்ததை உயிரோடிருந்தது என்று சொன்னது உங்கள் தப்பு. அதை நான் இன்றும் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதித் தப்புக்குத்தான் நீங்கள் சொந்தக்காரர். மற்றப் பாதியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏன் போனீர்கள்? ஒரு வார்த்தை, “நீ தொடைக்காம வச்ச கத்திடா” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே என் வாய் அடைத்திருக்குமே. பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டீர்களா? உங்கள் பெரிய மனசு என்னை என்ன ஆக்கியிருக்கிறது பாருங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. செத்தவர் மேல் கோபப்படுகிற அளவுக்கு இறங்கிவிட்டேன்.

நேற்று கத்தியை எடுத்துக்கொண்டு மதினி ஜொகூரிலிருந்து திரும்பிவந்து ஜாலான் புசாரில் குடியிருக்கும் வீட்டுக்குப் போனேன். துரு எடுத்து, சாணை பிடித்து, தேங்காயெண்ணெய் பூசி, புது உறை தைத்து வாங்கியிருந்தேன். மதினி புது உறையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

“பாத்துட்டீங்களா தம்பி?”

“உங்களுக்குத் தெரியுமா மதினி?”

“ஜொகூர் போற வழியில சொன்னாக. ‘அவன்கிட்ட சொல்லிடாத, அவன் கல்யாணச் சோறு அவனுக்குக் கசந்துடும்’னாக. சத்தியம் வாங்கிக்கிட்டாக. நான் சொல்லலையே. கத்தியத்தான் அனுப்புனேன்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்கள். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசலில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மதினி ஒத்துக்கொள்ளவில்லை.

“வேணாம். இப்பத்தான் சனங்க மறந்திருக்காக. நீங்க எந்திரிச்சு நின்னா மாப்பிள்ளை வீட்டுக்காரவுக கேக்கப்போறது ஒண்ணுதான். ‘செத்த மான ஊருக்குப் போட்டது யாரு, பொண்ணோட வாப்பாவா?’ உங்க மனசு லேசாகுறதுக்கு எம் மகள ஏன் இழுக்குறீங்க? வாய மூடிக்கிட்டு இருங்க. அவுக அப்படி இருக்கலையா?”

கத்தியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் மகளுக்கு வாப்பா இல்லை, உடன்பிறந்த ஆணும் இல்லை. மார்க்கப்படி அவளை நிக்காஹ் செய்து கொடுக்க மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான். மதினிக்கு வேறு வழி இருந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னாருடைய மகளை உனக்குக் கொடுக்கிறேன் என்று சபைக்குக் கேட்கும்படி நான் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். அதே தெருக்காரர்கள், அதே லெப்பை, அதே மாமனார். என் குரல் உடைந்தால் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது என்பார்கள். நல்ல தம்பி, இத்தனை நடந்தும் பாசம் விடவில்லை பாருங்கள் என்று யாராவது என் முதுகைத் தட்டிக்கொடுப்பார்கள். நான் பேசாமல் அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும், காக்கா.