காப்பு கட்டும் முன்

அக்கா,

இன்று கங்கம்மன் ஜாத்திரைத் திருவிழாவுக்குக் காப்பு கட்டும் நாள். மஞ்சள் அரைக்கும்போதே இடது கன்னம் எரிய ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும். நீ விட்ட அறை அப்படி.

விஜயபுரத்துப் பக்கத்துக் காலனியிலிருந்து பவர்லூம் வேலைக்காக நகரிக்கு வந்தோம். உன் வீட்டின் பின்பக்கத்தை எங்களுக்கு வாடகைக்கு விட்டாய். நாங்கள் யாரென்று தெருவுக்குத் தெரிந்த பிறகும் சும்மாதான் இருந்தார்கள், ஜாத்திரை வரும்வரை. காப்பு கட்டும்போது எல்லைக்குள் இருப்பவன் ஊர்க்காரன். ஜாத்திரை முடியும்வரை அவனை வெளியே அனுப்பக் கூடாது, அவன் வீட்டுப் பொங்கலையும் அம்மனுக்கு ஏற்க வேண்டும். அதனால்தான் பொழுது சாய்வதற்குள் எங்களை விரட்டக் கட்டைகளோடு வந்தார்கள்.

உன் தம்பிதான் முன்னால் நின்றான். என் வீட்டுக்காரரைத் தெருவில் இழுத்துப் போட்டு வாயிலேயே மிதித்தான். "காப்பு கட்றதுக்குள்ள காலி பண்ணுடா!" என் புதுப் பொங்கல் பானையைச் சுவரில் அடித்து உடைத்தார்கள். வீட்டுக்காரர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடப் பார்த்தார். வாயெல்லாம் ரத்தம், பேர் வரவில்லை.

நீ தறிக்கட்டையோடு வந்தாய். வாயாடி என்று பேரெடுத்தவள், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் கூடப்பிறந்தவன் நெற்றியில் ஒரே போடாகப் போட்டாய். புருவம் பிளந்து உட்கார்ந்தான்.

"நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"ஆமாடா. அடுத்தது எவன்?" என்றாய். எவனும் வரவில்லை.

உள்ளே நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றில் பிள்ளை. உயிர் மிஞ்சினால் போதும், பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தேன். நீ மூட்டையை எட்டி உதைத்து, பளாரென்று ஒன்று விட்டாய்.

"இன்னாடி கட்டிக்கினு கீற? அடிச்சவன் இங்க குந்தி கூழு குடிப்பான், நீ ஓடிக்கினே இருப்பியா? காப்பு கட்ற வரைக்கும் வாசல்ல நில்லு. அப்புறம் எவன் வந்து தள்றான்னு பாக்கலாம்."

நின்றேன். பம்பை அடித்தார்கள், காப்பு கட்டினார்கள். புருஷன் அடி வாங்கிக் கிடக்க என்னையும் அடிக்க நீ யார் என்று உன்னையும் அன்றைக்கு வெறுத்தேன் அக்கா.

அதற்குப் பிறகு எங்கள் பொங்கலை யாரும் தடுக்கவில்லை. பாசம் என்று சொல்லமாட்டேன். முதலில் பயம், அப்புறம் பழக்கம். போன கார்த்திகையில் உன் பாடைக்கு ஒரு பக்கம் உன் தம்பியும் மறுபக்கம் என் வீட்டுக்காரரும் தோள் கொடுத்தார்கள்.

இப்போது உன் வீட்டுப் பின்பக்கத்தில் ஒடிசாவிலிருந்து தறி வேலைக்கு வந்த புருஷன் பெண்டாட்டி இருக்கிறார்கள். இன்று சாயங்காலம் அரைத்த மஞ்சளோடு வெளியே வந்தால், அந்த மனுஷன் மண்டை உடைந்து தெருவில் கிடக்கிறான். அவள் உள்ளே மூட்டை கட்டுகிறாள். சுற்றிக் கட்டைகளோடு நிற்கிறவர்களுக்கு முன்னால் என் மகன். அன்றைக்கு என் வயிற்றில் இருந்தவன்.

"வந்தவன் போனவன்லாம் பொங்க வெக்கறதுக்கா? இது நம்ம ஊருமா," என்றான்.

உன் தறிக்கட்டை என்னிடம்தான் இருக்கிறது, கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தேன். எடுத்தேன். நானும் எதுவும் பேசவில்லை.

காப்பு கட்டியாகிவிட்டது. அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வாசலிலேயே நின்றார்கள். மகனுக்குப் புருவத்தில் தையல் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள், என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான். மஞ்சளும் ரத்தமும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்கிறேன், நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. உன் தம்பியை அடித்த பிறகு உனக்கும் இப்படித்தான் நடுங்கியதா அக்கா? அன்றைக்கு நான் என் கன்னத்தையே பிடித்துக்கொண்டிருந்தேன். உன் கையைப் பார்க்கவில்லை.