மூன்று சதவீதம்

மே 4, எர்லாங்கன், ஜெர்மனி

எண்கள் வந்துவிட்டன! ஓர் ஊரில் சொன்ன வீடுகளை எல்லாம் மிகக் குறைந்த செலவில் கேபிளால் இணைக்க வேண்டும், அதுதான் கணக்கு. எந்த ஊரைக் கொடுத்தாலும் என் முறையின் செலவு சிறந்த விடையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது. அதை நிரூபிக்கவே மூன்று வருடம் போயிற்று. நிஜ ஊர்களின் வரைபடங்களில் ஓட்டினால் மூன்றே சதவீதம்தான் கூடுதல். பக்கத்து மேசை தக்சாயினியின் எளிய முறைக்கு ஒன்பது. அதற்கு நிரூபணமும் கிடையாது. சைக்கிளில் பாடிக்கொண்டே வீடு வந்தேன்.

மே 6

தக்சாயினி கேட்டாள்: "மைதிலி, கடைசியிலை தேவையில்லாத கேபிளுகளை வெட்டுறீங்களெல்லோ, அதை என்ரை முறைக்கும் செய்து பாத்தனீங்களோ?"

"ம், பண்ணிட்டேன்."

பண்ணவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? "ஓம், அப்ப சரி" என்று திரும்பிக்கொண்டாள்.

மே 9

துணி துவைத்தேன். அடுப்பைத் தேய்த்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

மே 11

பேராசிரியர் பென்ஜமினுக்கு என் அட்டவணையைப் பார்த்து வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமைக்குள் மாநாட்டுக்குக் கட்டுரை போக வேண்டும். அதுவே ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமாம். இந்த மூன்று சதவீதம் பொய்த்துப்போனால் என்னிடம் என்ன மிச்சம்?

வழக்கம்போல தக்சாயினி எனக்கும் சேர்த்துக் காபி வாங்கி வைத்திருந்தாள். ஆறவிட்டுத் தொட்டியில் ஊற்றினேன்.

மே 13

அவள் முறையிலும் கேபிள் வெட்டுவதைச் சேர்த்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஐந்து வரி நிரல் சேர்த்தால் போதுமாக இருந்தது. அவளுடையது இரண்டு சதவீதம். என்னுது பதினோரு மணி நேரம் எடுக்கிறதை அது நாலு நிமிஷத்துல முடிக்குது. அப்போ என் மூணு சதவீதம் தேற்றத்தால வந்தது இல்லையா? கடைசியா வெட்டினதாலதானா? மூணு வருஷம்! ச்சே —

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 14

அரசு விடுமுறை. தக்சாயினி பீலெஃபெல்டுக்கு, அம்மாவிடம் கிளம்பியிருப்பாளோ என்று அவள் வீட்டுக்கு சைக்கிளை வேகமாக மிதித்தேன். இருந்தாள். பொய் சொன்னேன், பண்ணவே இல்லை, உங்களுதுதான் ஜெயிக்குது என்று வாசலிலேயே நின்று கொட்டினேன்.

"ஓம்" என்றாள். கதவை அகலத் திறந்தபடி, "சாப்பிட்டனீங்களோ?"

மே 15

கட்டுரை போயிற்று, அவள் பெயரும் சேர்ந்து. பென்ஜமின் முகம் சுருங்கியது, ஆனால் மறுக்கவில்லை. தன் முறை சறுக்கி விழும் கற்பனை ஊர் ஒன்றை அவளே கட்டி அனுப்பியிருந்தாள். அங்கே அவளுடையது ஐந்து மடங்கு, என்னுடையது இரண்டுக்குள். "இதையும் போடுங்கோ. உங்கட நிரூபணம் இதுக்குத்தானே" என்று எழுதியிருந்தாள்.

அவள் அனுப்பிய அதே கோப்புறையில் அந்த ஐந்து வரியும் இருந்தது, இரண்டு சதவீத விடையோடு. அவள் அதை ஓட்டிய தேதி மே 6.

அதற்குப் பிறகும் தினமும் எனக்குக் காபி வாங்கி வைத்திருக்கிறாள்.