முறைக்காய்ச்சல் குடியிருக்கும் வீடு

சிவமயம்
ரங்கூன்

ஆத்தாவுக்கு, ரங்கூனில் வைத்தியம் படிக்கும் உங்கள் மகன் சொக்கு வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தணிந்ததா?

என்னைப் பெற்ற அப்பச்சிக்கு முறைக்காய்ச்சல் கண்டபோது, "ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாம வருதே, யாரு சொல்லி விடுறாக?" என்று கேட்டீர்களே, அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்! கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ரத்தத்தில் மிதக்கும் சிவப்பு அணு ஒவ்வொன்றும் ஒரு வீடு. அதற்குள் கிருமி நுழைந்து, வீட்டையே தின்று வளர்கிறது. இரண்டு நாளில் பதினைந்து இருபதாகப் பிரிகிறது. கல்யாணமான பிள்ளையை நாம் தனிக்குடித்தனமாக வேறு வைத்தால், அதே வீட்டுக்குள் தனி அடுப்பு. இவையோ வீட்டை உடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு புது வீடு தேடிப் போகின்றன. உடைகிற நேரம்தான் குளிர் நடுக்குகிறது!

யாருடைய ரத்தம் என்பீர்கள். என்னுடையதுதான், பதற வேண்டாம். கொயினா மருந்து சாப்பிடுகிறேன். வாயெல்லாம் கசப்பு, கப்பலேறுகிறவர்களிடம் கொஞ்சம் சீப்புச்சீடை கொடுத்துவிடுங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும் வையுங்கள், இங்குள்ள கம்பளி உறுத்துகிறது.

இன்று முறை நாள். மூன்று மணிக்கு வரவேண்டிய குளிர் நாலாகியும் வரவில்லை! தபால் பையைக் கட்டுகிறார்கள், நிறுத்துகிறேன். கையெழுத்தைப் பாருங்கள் ஆத்தா, ஓர் எழுத்தும் நடுங்கவில்லை.

சொக்கு