அது குறட்டை இல்லை, அண்ணா

என் அருமை அண்ணா,

நீ போன பிறகு இந்த வீட்டில் உன்னைப் பற்றி உண்மை பேச ஆளில்லை. உனக்குச் சொல்ல நிறையச் சேதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் குமட்டுகிற சேதிதான், பொறுத்துக்கொள்.

முதலில் நீ எப்படிச் செத்தாய் என்று தெரிந்துகொள். உனக்கு ஹார்ட் அட்டாக்காம். வடக்கே இந்த லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் முழுக்க அப்பா அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார். அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி அதுவே நிஜமாகிவிட்டது.

நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது, நீ நினைவு தப்பிக் கிடந்தாய். பிரவுன் ஷுகர் என்கிற அந்தப் போதைப் பவுடரை மறக்கடிக்க உன்னைத் தென்காசியில் சித்தப்பா வீட்டில் மாதக்கணக்கில் அடைத்துவைத்து, கோயிலில் மொட்டை போட்டு, மந்திரித்த கயிறு கட்டி அழைத்து வந்த அதே வாரம். பழக்கம் விட்டுப்போச்சு என்று எல்லோரும் நம்பினோம். அன்றைக்கு நவராத்திரி. முன்னறையில் கொலு, வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்கள், பாட்டு. பின்னறையில் உதடு நீலம் பூத்து நீ.

டாக்சி கூப்பிடுகிறேன் என்றேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, இத்தன பேரு முன்னால அவனத் தூக்கிட்டுப் போவணுமா? நல்லா கொறட்ட விட்டுத் தூங்குதான் பாரு. மோரு குடுத்தா தெளிஞ்சிரும்."

குடிகாரனைத் தெளியவைப்பது போல, எலுமிச்சம்பழம் பிழிந்த மோரை அப்பா உன் வாயில் ஊற்றினார். கதவைச் சாத்திவிட்டு வந்து சுண்டல் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். எந்தச் சாமி கேட்டது அந்தச் சுண்டலை?

அது குறட்டை இல்லை, மூச்சு அடைபடுகிற சத்தம். இதை எனக்குச் சொன்னவன் உன் கூட்டாளி குல்தீப். அப்பா நம் படியேற விடாத அதே குல்தீப். இப்போது அவன் விட்டுவிட்டான். ஆனாலும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால், நீங்கள் உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்காருகிறான். விட்டுவிடு என்று உபதேசம் செய்வதில்லை. இன்னும் விடாதவர்களுக்குச் சாகாமல் இருக்கச் சொல்லிக்கொடுக்கிறான்.

தனியாக இழுக்காதே என்கிறான். கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தால் பழைய அளவை உடம்பு தாங்காது, அதுதான் ஆளைத் தூக்குகிறது என்கிறான். ஒருவன் கூப்பிட்டும் எழாவிட்டால் பயந்து ஓடாதே, ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் ஊற்றாதே, மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறவர்கள், கூடவே விழுந்து கிடந்தவன் சொன்னால் கேட்கிறார்கள். உனக்கு இதை யாராவது ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா?

நம் தமிழ்ச் சங்கத்தில் குல்தீப்பைப் பேசவைக்கலாமா என்று கேட்டேன். காபியை உறிஞ்சிக்கொண்டே செயலாளர், அதெல்லாம் பஞ்சாபிப் பசங்க சமாசாரம், நம்ம பிள்ளைகளுக்குக் கிடையாது என்றார். அன்று மாலை அங்கே பட்டிமன்றம். ஒழுக்கம் வளர்வது வீட்டிலா பள்ளியிலா என்று பேசப் பேசக் கை தட்டினார்கள். சீ.

போன வாரம் எதிர் பிளாக் மணி கும்பகோணத்திலிருந்து திரும்பினான். மொட்டைத் தலை, கையில் கயிறு. உன்னை அழைத்து வந்த அதே கோலம். மறுநாள் காலையே அவன் அம்மா பத்மா மாமியிடம் போய், குல்தீப் அவனோடு கொஞ்ச நேரம் பேசட்டும் என்றேன். மாமி நிலைவாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்காத்துப் பிள்ளை திருந்திட்டான். அந்தப் பையன் இந்தப் பக்கமே வரப்படாது. உங்கண்ணாவுக்கு ஹார்ட்தானே? இதெல்லாம் உனக்கென்னடி தெரியும்?"

பால் வாங்கித் திரும்பிய அப்பா என் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"ஹார்ட் இல்ல மாமி," என்றேன். "ஊர்ல இருந்து வந்த வாரமே பவுடர் இழுத்தான். நாங்க கதவச் சாத்தினோம். செத்துப்போனான்."

மாமிக்குப் பின்னாலிருந்து மணி தாழ்ந்த குரலில் ஹிந்தியில் கேட்டான்.

"கித்னா லியா தா?"

எவ்வளவு எடுத்தான் என்று. திருந்தியவன் கேட்கிற கேள்வியா அது? மாமி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எப்போதும் எடுக்கிற அளவுதான், கூட ஒரு துளி இல்லை என்று அவனிடம் சொன்னேன்.

படியில் உட்கார்ந்தபடியே மாமி முணுமுணுத்தாள். "அந்தப் பையனை வரச் சொல்லு. பின்பக்கமா வரச் சொல்லு, யாரும் பார்க்கப்படாது."

அந்த நேரத்திலும் பின்பக்கம்! குல்தீப் முகம் சுளிக்காமல் பின்பக்கமாகவே போனான். தினமும் போகிறான். மணி இன்றுவரை உயிரோடு இருக்கிறான்.

அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. உன்னை இரண்டாம் முறை கொன்றுவிட்டேனாம். நீயே சொல், முதல் முறை கொன்றது யார்?

நான் குல்தீப் அளவுக்கு நல்லவள் இல்லை. இனி எந்த வீட்டில் எந்தப் பிள்ளை ஊரிலிருந்து திரும்பினாலும், முன்வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்கவே, நீ எப்படிச் செத்தாய் என்று சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பெயரைக் கெடுத்துக்கொண்டே இருக்கப்போகும்,
உன் தங்கை செல்வி